மான் ஈரலுக்குள்ள தட்டைப் புழு: இறைச்சியை எறியிறதா, வைக்கிறதா?

குகன் (ஸ்காபரோ):
வணக்கம். கனடாவில, ஒன்ராறியோப் பக்கம் வேட்டைக்குப் போற ஆக்கள் ஆராவது இருந்தா கெதியா ஒரு பதில் சொல்லுங்கோ.

இந்த நவம்பரில எனக்கு முதல் முதலா ஒரு மான் விழுந்தது. வெள்ளைவால் மான், நல்லாக் கொழுத்த கொம்பன். வருத்தம் பிடிச்ச மாதிரி ஒண்டும் தெரியேல்ல. குடல் எடுக்கேக்கயும் எல்லாம் சுத்தமாத்தான் இருந்தது. ஈரலை அம்மா மிளகு போட்டு வறுப்பா எண்டு பையில போட்டு அண்டைக்கே வீட்ட கொண்டு வந்தன்.

அறுத்தா, மண்ணிறத்தில தண்ணி மாதிரி ஏதோ வடிஞ்சுது. உள்ள ஒரு தடிச்ச பை. அதுக்குள்ள சோடியா ரெண்டு தட்டையான சாமான், சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், என்ர பெருவிரலை விட நீளம். ஒண்டு அசைஞ்சுது. மனுசி போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஈரல் முழுக்க மை ஊத்தின மாதிரி கறுப்புக் கோடு வேற.

அம்மா முழு மானையும் எறி எண்டு நிக்கிறா. இருபது கிலோவுக்குக் கிட்ட வெட்டிப் பொதி பண்ணி வச்சிருக்கிறன். இறைச்சிக்குள்ளயும் இந்தப் புழு இருக்குமா? கையுறை இல்லாமல் தொட்டனான், வீட்டில பிள்ளையள் இருக்கினம். ஃப்ரீசரில வச்சா எல்லாம் செத்திடும்தானே? மே மாசம் கூட்டாளி ஒருத்தன் தந்த கரடி இறைச்சியும் ஆறு மாசமா உறைஞ்சு கிடக்கு. அதை நத்தாருக்கு கெபாப் போடுவம் எண்டு இருக்கிறம், அதுக்கும் இதே கணக்குத்தான் எண்டு நினைக்கிறன்.

வன்னியன்:
தம்பி, பயப்படாதையும். ஊரில மாட்டு ஈரலிலயும் இலை மாதிரிப் புழு கண்டிருக்கிறம். அந்தத் துண்டை அறுத்து எறிஞ்சுபோட்டு மிச்சத்தைக் காய்ச்சுவினம். மரை இறைச்சியை உப்பு, மஞ்சள் போட்டு அடுப்புக்கு மேல கட்டி வத்தலாக்கித் திண்டு வளந்த ஆக்கள் நாங்கள். புகை பட்டா ஒரு புழுவும் நிக்காது. கரடியையும் வத்தலாப் போட்டுப் பாரும்.

கால்நடை (சஸ்காச்சுவான்):
நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன், இப்போது இங்கே இறைச்சிப் பரிசோதனையில் இருக்கிறேன். குகன், மானை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கரடி கெபாப்பை நிறுத்துங்கள். வன்னியன் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், வத்தலும் வேண்டாம்.

கரடியின் தசைக்குள் டிரைக்கினெல்லா என்கிற உருளைப்புழுவின் இளம்புழு சுருண்டு கிடக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது, இறைச்சி பார்க்க அருமையாக இருக்கும். பன்றியில் வழக்கமாக வரும் வகை நன்றாக உறைய வைத்தால் செத்துப்போகும். அந்த நினைப்பில்தான் எல்லாரும் ‘ஃப்ரீசரில் போட்டால் ஆச்சு’ என்கிறார்கள். வடக்கே கரடி, ஓநாய், நரி என்று சுற்றும் டிரைக்கினெல்லா நேட்டிவா பனியிலேயே வாழப் பழகியது. அது வீட்டு ஃப்ரீசரில் சொகுசாகத் தூங்கும். உப்பு, புகை, உலர்த்துவது எதையும் அதனிடம் நம்ப முடியாது.

2022-ல் நடந்ததைச் சொல்கிறேன். வடக்கு சஸ்காச்சுவானில் சுட்ட கருங்கரடி. 45 நாள் உறைய வைத்து, தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடியபோது கெபாப் போட்டார்கள். நீங்கள் திட்டமிட்டிருக்கிறீர்களே, அதே கெபாப். கரடி இறைச்சி இயல்பிலேயே கருஞ்சிவப்பு, வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. வாயில் போட்ட பிறகுதான் அரைவேக்காடு என்று தெரிந்து, திரும்ப அடுப்பில் வைத்தார்கள். ஆறு பேருக்கு நோய், அதில் மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல், தாங்க முடியாத தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம். அந்த ஆறில் இரண்டு பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, கூட வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். மிச்சமிருந்த இறைச்சி 110 நாள் உறைந்த பிறகும் அதற்குள் புழு அசைந்துகொண்டிருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை 2024-ல் வெளியிட்டது.

அதற்காகக் கரடியை எறிய வேண்டாம். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் புழு செத்தது. ஒரு மணி நேரம் கொதிக்கிற நம்ம ஊர்க் கறி இதைச் சுலபமாகத் தாண்டும். ஆபத்து கம்பியிலும் தணலிலும்தான். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கவும் கூடாது.

குகன்:
ஐயோ. போன கிழமைதான் அதில ஒரு பொதியை இளக வைக்கப் பாத்தனான். மனுசி இதை வாசிச்சுப்போட்டு ஃப்ரீசர்க் கதவில ‘கரடி, தொடாதே’ எண்டு ஒட்டி விட்டிருக்கிறா. அப்ப மான்?

கால்நடை (சஸ்காச்சுவான்):
மான் இறைச்சி நல்லது, சாப்பிடுங்கள்.

நீங்கள் கண்டது ஃபாசியோலாய்டஸ் மேக்னா, பெரிய ஈரல் தட்டைப்புழு. முழுசாக வளர்ந்தால் 10 சென்டிமீட்டர்கூட வரும். பெரும்பாலும் சோடியாகத்தான் பைக்குள் இருக்கும். அது ஈரலில் குடியிருக்கிற ஆள், தொடை இறைச்சியில் தேட வேண்டாம். முட்டை மானின் புழுக்கையோடு வெளியே வந்து, தண்ணீரில் பொரித்து, நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, பிறகு நீர்க்கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேய்கிற மானுக்குத்தான் தொற்று. ஈரலைத் தொட்டதால் உங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் வராது. கறுப்புக் கோடு, மானின் ரத்தத்தைக் குடித்துப் புழு விட்ட கழிவு நிறம்.

வன்னியன் ஐயா பார்த்தது இதன் உறவுக்காரன், ஃபாசியோலா. அது மனுஷனுக்கும் வரும். ஆனால் ஈரல் கறியில் இருந்து வராது, குளத்தங்கரைக் கீரையைப் பச்சையாகத் தின்றால் வரும்.

ஈரலை என்ன செய்வது என்றால், புழு இல்லாத பகுதியை நன்றாக வேகவைத்தால் கெடுதல் இல்லை. நான் சாப்பிட மாட்டேன், அவ்வளவுதான்.

முழு உடம்பையும் ஒதுக்க வேண்டிய சமயம் வேறு. எலும்பும் தோலுமாக இருந்தால், திறந்ததும் சீழ் நாற்றம் அடித்தால், விலாவின் உட்புறம் முத்து முத்தாகக் கட்டி தெரிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பிரியா (தண்டர் பே):
குகன் அண்ணா, ஈரலை நாய்க்குப் போட்டுடாதீங்கோ. இஞ்ச என்ர மனுசன் ஒவ்வொரு வருசமும் மூஸ் எண்ட பெரிய மான் வேட்டைக்குப் போறவர். ஒருக்கா நெஞ்சைத் திறந்தா நுரையீரலில தோடம்பழம் அளவில தண்ணிக் கட்டிகள். எங்கட நாய் வாலாட்டிக்கொண்டு நிக்குது, இவரும் தூக்கிப் போடப் போனார். கூட வந்த கிழவர் கையில அடிச்சுப் பறிச்சார். எக்கினோகொக்கஸ் எண்ட நாடாப்புழுவின்ர கட்டியாம். அந்தக் கட்டியைத் தின்னுற நாய்க்கு ஒண்டும் செய்யாது, ஆனா அது கழிக்கிற முட்டை எங்கட கை வழியா வாய்க்குள்ள போனா எங்கட ஈரலிலயும் நுரையீரலிலயும் அதே கட்டி வளரும். இறைச்சியில அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளியும் கண்டிருக்கிறம். அது மனுசருக்கு ஒட்டாத வேற நாடாப்புழுவாம். ஆனாலும் பச்சையா நாய்க்குக் குடுக்கிறேல்ல.

ஆட்டுக்காரன் (பீற்றர்பரோ):
நடுவில நுழையிறதுக்கு மன்னிக்கவும். என்னட்ட பன்னிரண்டு ஆடு நிக்குது. பின்பக்கச் சதுப்புக்கு மான் தினமும் வரும். இந்தப் புழு ஆட்டுக்கு வருமா?

கால்நடை (சஸ்காச்சுவான்):
வரும். வந்தால் மானை விட ஆட்டுக்குத்தான் மோசம். மானின் ஈரல் அதைச் சுற்றிப் பை கட்டி அடக்கி வைக்கும். ஆட்டின் ஈரலுக்கு அந்த வித்தை தெரியாது, புழு நிற்காமல் துளைத்துக்கொண்டே போகும். ஒன்றிரண்டு புழுவே ஆட்டைச் சாய்த்துவிடும், அதுவும் திடீரென்று. சதுப்பை வேலி போட்டு மறியுங்கள், தண்ணீரைத் தொட்டியில் வையுங்கள். மருந்து விஷயத்தை உங்கள் ஊர் மருத்துவரிடம் கேளுங்கள், அளவை இங்கே எழுத மாட்டேன்.

குகன்:
இன்னொண்டு. மூளை உருகிற மான் வருத்தம் எண்டு சொல்லுகினமே, சமைச்சா அது போகுமா?

கால்நடை (சஸ்காச்சுவான்):
போகாது. அது புழுவோ கிருமியோ இல்லை, பிரையான் என்கிற கோணலான புரதம். கொதிக்க வைத்தாலும் அழியாது. 1967-ல் கொலராடோவில் முதலில் கண்டார்கள். 2018-ல் கியூபெக்கில் ஒரு மான் பண்ணையில், 2021-ல் மானிடோபாவில் காட்டு மானில் கண்டார்கள். சஸ்காச்சுவானில் எங்களுக்கு அன்றாடக் கவலை. மனிதருக்கு வந்ததாக உறுதியான பதிவு இல்லை, ஆனாலும் தொற்று உறுதியானால் சாப்பிடாதீர்கள் என்பதுதான் அறிவுரை. மூளை, முதுகுத்தண்டு, கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகளை ஒதுக்குங்கள், தண்டுவடத்தை அறுக்காமல் எலும்பிலிருந்து கறியைப் பிரித்தெடுங்கள். ஒன்ராறியோவிலும் குறிப்பிட்ட பகுதிகளில் வேட்டைக்காரரிடம் தலையை வாங்கி இலவசமாகச் சோதிக்கிறார்கள், விசாரியுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் மான் கறியையும் முழுசாக வேகவையுங்கள். அதில் டொக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி இருக்கலாம், அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

குகன் (தை மாசம்):
சொன்ன மாதிரி வந்து எழுதுறன். கரடியைச் சின்னத் துண்டா வெட்டி பிரஷர் குக்கரில அவிச்சு, பிறகு பிரட்டல் வச்சம். தேர்மாமீற்றர் குத்திப் பாத்தா 96. கொழுப்பு கொஞ்சம் கூட, ருசி பரவாயில்லை. கெபாப்புக்குக் கோழி. கூட்டாளிக்கும் இந்த இழையை அனுப்பினன். அவன் ஏற்கெனவே ரெண்டு தரம் பார்பிகியூ போட்டிட்டானாம், இப்ப டொக்டரிட்ட ரத்தம் குடுத்துப்போட்டு இருக்கிறான். மான் முழுக்க ரோல்ஸாகிக்கொண்டு வருது. அம்மா தொடமாட்டன் எண்டுதான் இன்னும் சொல்லுறா, ஆனா ராத்திரி மூடி வச்ச தட்டில காலமை மூண்டு குறையுது.

வன்னியன்:
தம்பி, அந்தத் தேர்மாமீற்றர் என்ன விலை? எங்க வாங்கினீர்?