செட் (sed) ஸ்கிரிப்ட்: பல வரி மதிப்பை வைத்தால் பிழை

இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன். உபுண்டு 22.04, உரையில் சொற்களைத் தேடி மாற்றும் கட்டளையான குனு செட் 4.8. கான்ஃபிக் டெம்ப்ளேட்டில் இரட்டை அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்களை, ஷெல் மாறிகளின் மதிப்பால் மாற்ற வேண்டும்.

முதலில் யூஆர்எல்லில் உள்ள சாய்கோட்டால் "அன்னோன் ஆப்ஷன் டு எஸ்" என்ற பிழையோடு நின்றது (எஸ் என்பது செட்டுக்குள் சொல்லை மாற்றும் கட்டளை). பிரிப்பானைப் பைப் குறியாக மாற்றினேன், சரியானது. அப்புறம் மதிப்பில் ஆம்பர்சண்ட் வந்த இடத்திலெல்லாம் பழைய பெயரே திரும்ப முளைத்தது. அதற்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டதும் அதுவும் தீர்ந்தது.

இப்போது சிக்கல் சான்றிதழில்தான். அது பல வரி மதிப்பு என்பதால் "அன்டெர்மினேட்டட் எஸ் கமாண்ட்" வருகிறது. டிஆர் (tr) கட்டளை மூலம் வரிமுறிவுகளை நீக்கினால் பிழை போய்விடுகிறது, ஆனால் சான்றிதழ் கெட்டுவிடுகிறது.

வரிமுறிவுகள் அப்படியே இருக்க, இந்த மதிப்பை செட்டுக்குள் எப்படிக் கொடுப்பது?