8×4 யூவி பிளாட்பெட்: ஜென்5 ஹெட்டா, ஐ3200 ஹெட்டா, பழைய மெர்க்குரி மெசினா?

திருநெல்வேலிப் பலகை

வணக்கம். யாழ்ப்பாணத்தில பெயர்ப்பலகை வேலைக்கு யூவி பிளாட்பெட் (சீற்றைத் தட்டையா வைச்சு அதிலயே அடிச்சு, யூவி வெளிச்சத்தால மையைக் காய வைக்கிற மெசின்) ஒன்று எடுக்க இருக்கிறம். இப்ப ஸ்டிக்கரில அடிச்சு, லமினேற் பண்ணி, ஏசிபியில (நடுவில பிளாஸ்ரிக் வைச்ச அலுமினியப் பலகை) கையால ஒட்டித்தான் போகுது. நாளுக்கு 8×4 அடி சீற் பத்து வரும். அதில ஆறு ஏழு ஏசிபி, ஒன்றிரண்டு கிளியர் அக்ரிலிக், மிச்சம் 3 மில்லிமீற்றர், 5 மில்லிமீற்றர் ஃபோம் போட். நல்லூர்த் திருவிழாக் காலத்தில இது இரட்டிப்பாகும்.

கையில மூன்று தெரிவு இருக்கு. முதலாவது, சீனாவில செய்த 2513 (2.5 மீற்றருக்கு 1.3 மீற்றர் மேசை), ரிக்கோ ஜென்5 ஹெட் (மைத்துளி விடுற பாகம்) மூன்று, மை காய வைக்க எல்ஈடி விளக்கு. மணிக்கு 25 சதுர மீற்றர் எண்டு முகவர் சொல்லுறார். இரண்டாவது, அதே அளவு மெசின், எப்சன் ஐ3200-யூ1 ஹெட் மூன்று, விலை நல்லாக் குறைவு. மூன்றாவது, வெளிநாட்டில பாவிச்சு இறக்கின பெயர் பெற்ற மெசின், ஆனால் மெர்க்குரி விளக்கு.

அறை 22 அடிக்கு 16 அடி. மூன்று பேஸ் கரண்ட் இருக்கு. எதைப் பார்த்துத் தெரிவு செய்யிறது? ஒரு சீற்றுக்கு எவ்வளவு மை போகும் எண்டதையும் ஒருத்தரும் தெளிவாச் சொல்லுறாங்கள் இல்லை.

மைத்துளி

தம்பி, மூன்றாவதை முதலே விட்டிடுங்கோ. மெர்க்குரி விளக்கு சூடாகி நிலைக்கு வரச் சில நிமிசம் எடுக்கும், நினைச்ச நேரம் அணைச்சுப் போட ஏலாது. அந்தச் சூட்டில 3 மில்லிமீற்றர் ஃபோம் போட் விளிம்பு மேல எழும்பி ஹெட்டில தட்டும். ஓசோன் மணத்துக்குக் குழாய் வைச்சு வெளியால விடவேணும். மையும் வேற. எல்ஈடி மை 395 நானோமீற்றருக்குக் கிட்டக் காயிற மாதிரிச் செய்தது. மெர்க்குரிக்குச் செய்த மையை எல்ஈடிக்குக் கீழ போட்டால் சரியாக் காயாது. பிறகு விளக்கை மாத்துவம் எண்டு யோசிச்சால் மை, ஹெட் கழுவுறது, நிறப் புரொபைல் எல்லாத்தையும் சேர்த்து மாத்தவேணும்.

இனி ஹெட். ஜென்5 இல 1,280 நொசில் (மை வாற துவாரம்), 320 படி நாலு வரிசை. ஒரு ஓட்டத்தில 54 மில்லிமீற்றர் அகலம் அடிக்கும், ஒரு ஹெட்டுக்கு இரண்டு நிறம். ஐ3200 இல 3,200 நொசில், 400 படி எட்டு வரிசை, அகலம் 34 மில்லிமீற்றருக்குக் கிட்ட, ஒரே ஹெட்டில நாலு நிறமும் போகும். நொசில் எண்ணிக்கையைக் காட்டி "இது இரண்டரை மடங்கு" எண்டு விற்பினம். போட் வேலைக்கு அதைவிடப் பெரிய விசயம், ஹெட்டில இருந்து சீற்றுக்கு இடையில துளி நேரா விழுதோ எண்டது. ஐ3200 துளி சின்னன், படம் மெல்லிசா வரும். ஆனால் இடைவெளியை 1.5 மில்லிமீற்றருக்குள்ள வைக்கவேணும், கூடினால் துளி அலைஞ்சு எழுத்தின்ர ஓரத்தில புழுதி மாதிரிப் படியும். ஏசிபி தட்டையா இருக்கும், பிரச்சினை இல்லை. ஃபோம் போட் அப்பிடி இல்லை. சுவரில சாய்ச்சு வைச்ச சீற் எண்டால் நடுவில 2, 3 மில்லிமீற்றர் வில்லு மாதிரி நிக்கும், மேசையில சீற்றை உறிஞ்சிப் பிடிக்கிற வாக்யூம் முழுக்க இழுக்காது. ஜென்5 இன்ர ஆகச் சின்னத் துளி 7 பைக்கோலீற்றர்; கனம் கூட, 2 மில்லிமீற்றர் தாண்டினாலும் தாங்கும். உருக்கு உடம்பு, உள்ளுக்கே ஹீற்றர் இருக்கு. யூவி மை 40 பாகை அளவில தான் சரியான பதத்துக்கு இளகும். ஐ3200 இல ஹெட்டுக்குள்ள ஹீற்றர் இல்லை, மெசின்காரர் வெளியால தட்டில வைச்சிருக்கவேணும். அது சரியில்லையெண்டால் காலையில முதல் சீற்றில கோடு கோடாத் தெரியும்.

நீங்கள் சொன்ன வேலைக்கு ஜென்5 தான். ஏசிபி மட்டும் அடிக்கிற கடையெண்டால் ஐ3200 ஐத் தள்ளமாட்டன். ஹெட் விலை குறைவு, பழுதானால் புதுசு போடலாம்.

வேகம்: அந்த 25 எண்டதை மறந்திடுங்கோ. அது குறைஞ்ச பாஸில (ஒரே இடத்துக்கு மேல ஹெட் ஓடுற தடவை), வெள்ளை மை இல்லாமல் எடுத்த கணக்கா இருக்கும். உங்கட கோப்பில ஒரு முழுச் சீற்றை 8 பாஸில அடிக்கச் சொல்லி மணிக்கூட்டைப் பாருங்கோ. 20 நிமிசம் எடுத்தால், ஏத்தி இறக்க 5 நிமிசம், பத்துச் சீற் நாலு மணித்தியாலம் கொஞ்சம் கூட. திருவிழாக் காலத்தில எட்டரைக்குக் கிட்ட. வெள்ளை ஹெட் நிற ஹெட்டோட ஒரே வரியில இருக்கோ, முன்னால தள்ளி இருக்கோ எண்டதையும் கேளுங்கோ. ஒரே வரியெண்டால் வெள்ளைக்கு மேல நிறம் அடிக்கேக்க நொசிலைப் பாதி பாதியாப் பிரிக்கவேணும், வேகமும் பாதியாகும்.

மைக் கணக்கு: 600×900 டிபிஐ எண்டால் சதுர அங்குலத்துக்கு 5,40,000 புள்ளி. சதுர அடிக்கு 7.776 கோடி. புள்ளிக்கு 7 பைக்கோலீற்றர் படி, ஒரு நிறம் 100 வீதம் மூடினால் சதுர அடிக்கு 0.54 மில்லிலீற்றர். 32 சதுர அடிச் சீற்றுக்கு 17.4. முழுப் படம், எல்லா நிறமும் சேர்ந்து 150 வீதம் வரும் எண்டு வைச்சால் 26 மில்லிலீற்றர். வெறும் எழுத்துப் பலகை 40 வீதம், 7 மில்லிலீற்றர். அடியில வெள்ளை ஒரு பூச்சு எண்டால் இன்னும் 17, இரண்டு பூச்சு எண்டால் 35. லீற்றர் 20,000 ரூபா எண்டு வைச்சுக்கொண்டால் மில்லிலீற்றர் 20 ரூபா. படத்துக்கு 520, இரட்டை வெள்ளைக்கு அதைவிடக் கூட, 700. ஆகவே விலை சொல்லேக்க வெள்ளையைத் தனியாக் கணக்குப் போடுங்கோ. ஹெட் துப்புரவில போற மையும் இருக்கு, 10 வீதம் சேர்த்துக்கொள்ளுங்கோ.

ஏர்த்துக்கம்பி

மெசினை நிறுத்துறது அநேகமா ஹெட் இல்லை, கரண்டும் தண்ணியும்.

இந்த மெசின்களில மை ஹெட்டுக்குள்ள நிக்கிறது நெகட்டிவ் பிரெசர் பம்பால. கரண்ட் போனால் அந்த இழுவை போயிடும், மை ஹெட் வழியா ஒழுகிச் சீற்றில கொட்டும். வெள்ளையும் நிண்டிடும். அதில டைட்டேனியம் டையொக்சைட் கனம் எண்டபடியால் அடியில படியும், சுழற்சி நிண்டு ஒரு இரவு போனால் அடுத்த நாள் வெள்ளை சாம்பலா, மெல்லிசா வரும். அதனால ஒன்லைன் யூபிஎஸ் வேணும். கணினி, கன்ட்ரோல் போட், நெகட்டிவ் பம்ப், வெள்ளைச் சுழற்சி, எல்ஈடி, சில்லர் (எல்ஈடியைத் தண்ணியால குளிராக்கிற பெட்டி) எல்லாம் அதில. வாக்யூம் புளோவரை மட்டும் யூபிஎஸ் இல்லாமல் மெயின் கரண்டில விடுங்கோ. மோட்டர் ஸ்டார்ட்டில இழுக்கிற இழுவையைத் தாங்க யூபிஎஸ் வீணாப் பெருசா வேண்டவேணும்.

சில்லருக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தவே ஊத்தாதேங்கோ. எங்கட தண்ணி சுண்ணக்கல்லுத் தண்ணி, கேத்திலில படியிற அந்த வெள்ளைக் காரைதான் எல்ஈடியின்ர செப்புக் கட்டையின்ர நுண்ணிய வழிக்குள்ளயும் படியும். வழி அடைஞ்சால் ஒரு மூலை எல்ஈடி மங்கி, அந்தப் பக்கம் மை ஒட்டும் ஒட்டாமலும் நிக்கும். வாகன பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணி போதும். போத்திலில அசிட் இல்லையெண்டு பார்த்து வேண்டுங்கோ. மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. சில்லர் அலாரம் அடிச்சால் எல்ஈடி தானா அணையுதோ எண்டு வேண்டுறதுக்கு முதலே சோதியுங்கோ: மெசின் ஓடேக்க சில்லரின்ர வயரைக் கழட்டச் சொல்லுங்கோ. கழட்ட மாட்டன் எண்டால் அந்தப் பாதுகாப்பு இல்லையெண்டு எடுக்கலாம்.

ஏர்த்து. கொஞ்சம் கிண்டினாலே கல்லு வாற இடத்தில ஒற்றைக் கம்பி அடிச்சால் போதாது. இரண்டு மூன்று கம்பியைத் தள்ளித் தள்ளி அடிச்சு இணைச்சு, மீற்றர் வைச்சு 10 ஓமுக்குக் கீழ வருதோ எண்டு அளக்கச் சொல்லுங்கோ. ஏர்த்து சரியில்லாட்டி ஸ்டற்றிக் போகாது, ஹெட் போட்டும் எரியும். அக்ரிலிக் மேல ஒட்டியிருக்கிற பேப்பரை உரிக்கேக்கதான் ஸ்டற்றிக் ஏறும். உரிச்சு உடனே அடிக்காமல், ஸ்டற்றிக்கை நீக்கிற அயன் பாரைத் தாண்ட விடுங்கோ.

கதவு, யன்னல் எந்தப் பக்கம்? வெயில் பட்டால் ஹெட் அடியில மை காஞ்சு போகும். கதவால வாற வெளிச்சம் கிளியர் அக்ரிலிக்கில பட்டுத் தெறிச்சாலும் அதே கதைதான்.

இன்னொன்று, கழுவின மையைக் கிணத்தடியில ஊத்தக்கூடாது. எங்கட மண்ணில அது நேர கிணத்துக்கே போகும். அகலமான தட்டில விட்டு வெயிலில வையுங்கோ, கட்டியா இறுகின பிறகு அகற்றலாம். கையில படவிடாதேங்கோ, நைத்ரைல் கையுறை போடுங்கோ. தோலுக்கு ஒருக்கா ஒவ்வாமை வந்தால் பிறகு மணத்துக்கே அரிக்கும்.

ஒட்டுப்பலகை

ஸ்டிக்கர் மெசினை வித்துப் போடாதேங்கோ. தெற்கு, மேற்கு வெயில் விழுற பலகைக்கு லமினேற் போட்ட ஸ்டிக்கர் இன்னும் நல்லது. யூவி மை மேல ஒண்டும் மூடாமல் நிண்டால் முதலில மஞ்சளும் மஜெந்தாவும் வெளிறும். ஏசிபியை மடிச்சுப் பெட்டி செய்யிறதெண்டால் கடின மை மடிப்பில வெடிக்கும். மடிக்கிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் அடிக்காமல் விடுங்கோ, அல்லது இளகின மை கேளுங்கோ. கட்டிடத்துக்கு ஒட்டுற ஏசிபியில பிவிடிஎஃப் எண்ட வழுக்கல் பூச்சு இருக்கும், அதில மை நல்லாப் பிடிக்காது. சீற் வேண்டேக்க பொலியெஸ்ரர் பூச்சு எண்டு கேட்டு வேண்டுங்கோ.

திருநெல்வேலிப் பலகை

நன்றி அண்ணையாக்கள். கதவு மேற்குப் பக்கம், திரை போடுறன். ஜென்5 ஐத் தான் யோசிக்கிறன், வாற கிழமை கொழும்புக்குப் போய்ப் பார்க்கிறது. என்ன சீற் கொண்டுபோறது, என்ன அடிச்சுப் பார்க்கிறது? உள்ளே லைற் வைக்கிற அக்ரிலிக் பெட்டிதான் எங்களுக்குப் பயம்.

மைத்துளி

அவையின்ர மாதிரிப் படத்தை அடிக்க விடாதேங்கோ. உங்கட ஏசிபி, ஃபோம் போட், கிளியர் அக்ரிலிக், மூன்றிலயும் ஒவ்வொரு துண்டு கொண்டுபோங்கோ. ஃபோம் போட் வளைஞ்சதாவே இருக்கட்டும்.

கறுப்புப் பின்னணியில வெள்ளையா விட்ட எழுத்து, 6 பொயின்ற் அளவு, தமிழும் சிங்களமும் சேர்த்து. தமிழில ஞ், ணை, க் மூன்றும் இருக்கவேணும். பத்து மடங்கு லென்ஸ் வைச்சு மெய்யெழுத்தின்ர குத்தைப் பாருங்கோ, வட்டமா நிக்குதோ, கறுப்பு உள்ள ஊறி மூடிட்டுதோ எண்டு. பிறகு அதே எழுத்தை ஒரு திசையில மட்டும் அடிக்கச் சொல்லுங்கோ. ஒரு திசையில தெளிவு, இரு திசையில இரட்டைக் கோடு எண்டால் அது பொருத்தம் பார்க்கிற குறை, திருத்தலாம். இரண்டிலயும் மங்கல் எண்டால் தண்டவாளத்தில ஆட்டம், அந்த மெசின் வேண்டாம். பாமினி எழுத்துருவில செய்த கோப்பில எழுத்தை வளைகோடா (கேர்வ்) மாத்திக் கொண்டுபோங்கோ. இல்லாட்டி அங்கத்தைய கணினியில தமிழுக்குப் பதிலா ஆங்கில எழுத்து வரும்.

லைற் பெட்டிக்கு: கிளியர் அக்ரிலிக்கின்ர பின்பக்கம், கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பி, முதல் நிறம், அதுக்கு மேல வெள்ளை. வெள்ளை ஒரு பூச்சு எண்டால் எல்ஈடி புள்ளி புள்ளியாத் தெரியலாம், இரண்டு எண்டால் வெளிச்சம் குறையும். ஆகவே அதே துண்டில பாதிக்கு ஒன்று, பாதிக்கு இரண்டு அடிச்சு, உங்கட பெட்டியின்ர ஆழத்தில எல்ஈடி மொடியூலைப் பின்னால பிடிச்சுப் பாருங்கோ. இரவில நிறம் வெளிறினால் நிறம், வெள்ளை, திரும்ப நிறம் எண்டு மூன்று அடுக்கு. பால் நிற அக்ரிலிக் எண்டால் வெள்ளையே தேவையில்லை, மையும் மிச்சம். வெள்ளையை நிறத்தைவிட 2 பிக்சல் உள்ளே இழுக்கச் சொல்லுங்கோ, எழுத்தின்ர ஓரத்தில வெள்ளை எட்டிப் பார்க்காது.

ஒட்டுதலை அங்க பார்த்து முடிவெடுக்காதேங்கோ. துண்டுகளைக் கொண்டுவந்து 24 மணித்தியாலத்துக்குப் பிறகு பிளேட்டால 1 மில்லிமீற்றர் இடைவெளியில ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறி, நல்ல ஒட்டு ரேப்பை அழுத்தி ஒரே இழுவையில எடுங்கோ. 25 சதுரத்தில ஒன்றிரண்டின்ர மூலை போனால் பரவாயில்லை. சதுரம் முழுசா வந்தால் அந்தச் சீற்றுக்குப் பிரைமர் (மை பிடிக்க முதலில பூசுறது) வேணும். கண்ணாடிக்கும் ஸ்ரீலுக்கும் எப்பிடியும் வேணும். அக்ரிலிக்கை லேசரில வெட்டின பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடைக்காதேங்கோ, விளிம்பில மயிர் மாதிரி வெடிப்பு ஓடும்.

பணம் கட்ட முதல் எழுத்தில கேட்டு வேண்ட வேண்டியது: ஒரு ஹெட், ஹெட் கேபிள், மை வடி, என்கோடர் பட்டி, வைப்பர் ஆறு, எல்ஈடிக் கண்ணாடி. இதெல்லாம் மெசினோட யாழ்ப்பாணத்துக்கு வந்து உங்கட அலுமாரியில இருக்கவேணும். கொழும்பில இருக்கு எண்டால் 400 கிலோமீற்றர், ஆள் வந்து சேர ஒரு இரவு, திருவிழாக் காலத்தில அந்த ஒரு நாளில இருபது சீற்.