வெளிநாட்டு மேடைக்கான உதவிப் பணம்: வாசிப்பவர் கையிலா, மேனேஜர் கையிலா?

பின்மேடை எழுதியது:

இசைக்குழுக்களை வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பும் ஒரு நிதியுதவித் திட்டத்துக்குக் கருத்துக் கேட்டிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: விமான டிக்கெட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை மேனேஜருக்குக் கொடுங்கள். அங்கே ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கேயும் அடி வாங்கிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

ஹாம்பர்கின் ரீபர்பான், பிரைட்டனின் கிரேட் எஸ்கேப், க்ரோனிங்கனின் யூரோசோனிக் போன்ற ஷோகேஸ் விழாக்களில், அதாவது புதுக் குழுக்களை நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்களுக்குக் காட்டும் விழாக்களில், ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மணியோ முக்கால் மணியோதான். பார்க்க வந்த புக்கிங் ஏஜென்ட் மூன்றாவது பாட்டிலேயே அடுத்த அரங்குக்கு ஓடியிருப்பார். உண்மையான வேலை அதற்கு முந்தின ஆறு வாரத்திலும் பிந்தின ஆறு மாதத்திலும் நடக்கிறது. யாருக்கு எழுதினோம், யார் வருகிறேன் என்றார், யார் வந்தார், யாருக்கு மறுநாள் காலையிலேயே வீடியோ போக வேண்டும், யாரை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி தட்ட வேண்டும்... இதற்கென்று ஒரு ஆள் வேண்டும். ஆரம்ப நிலைக் குழுவின் வருமானத்தில் கமிஷனாக வரும் 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு அந்த ஆள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

பிரிட்டனில் மேனேஜர்களின் சங்கமான எம்எம்எஃப், ஆக்சிலரேட்டர் என்ற திட்டத்தில் மேனேஜருக்கே நேரடியாக உதவித்தொகையும் பயிற்சியும் தந்திருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

பாஸ்கித்தார் எழுதியது:

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குறுக்கே நிற்பார் என்பது பழைய கதை. நீங்கள் வரத்தில் பாதியையே பூசாரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். உதவிப் பணத்தில் எங்கள் மேனேஜர் எங்களோடு இரண்டு ஷோகேஸ் வந்தார். நன்றாகத்தான் வேலை செய்தார், பொய் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு பெரிய நிறுவனம் அவரைக் கூப்பிட்டது, போய்விட்டார். அவரோடு தொடர்புகளெல்லாம் இருந்த எக்செல் ஷீட்டும் போய்விட்டது. அடுத்த மாதம் ஒரு விழாக்காரருக்கு நானே எழுதினேன். 'உங்கள் மேனேஜர் மூலமாகப் பேசுங்களேன்' என்று பதில் வந்தது.

இன்னொன்று, நீங்கள் சொல்லும் அந்த 20 சதவீதம். ஜெர்மனியில் ஒரு இரவுக்கு 2,000 யூரோ பேசி வாசித்தோம். அங்கேயே பிடித்த வரி 316.50. ஏஜென்டுக்கு 10 சதவீதம், 200. மேனேஜருக்கு மொத்தத் தொகையில் 20 சதவீதம், 400. மீதி 1,083.50. அன்றைக்கு வேன், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 900. நாலு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 46 யூரோகூட இல்லை. மேனேஜர் ஒருவருக்கு மட்டும் 400. இதற்கு மேல் அரசுப் பணமும் வேண்டுமா?

வரவுசெலவு எழுதியது:

உங்கள் கணக்கு சரி. ஆனால் இரண்டு இடத்தில் பணத்தை விட்டிருக்கிறீர்கள்.

அந்த 316.50 என்பது 15 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 5.5 சதவீத ஒருமைப்பாட்டு வரியும். மேடைக் கலைஞருக்கு மேடை இருக்கும் நாடே வரி போடலாம் என்பது ஓஈசிடி என்ற நாடுகளின் கூட்டமைப்பு எழுதிய மாதிரி வரி ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமல் தடுக்க நாடுகள் போட்டுக்கொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் அது அப்படியே இருக்கிறது. பிடித்த வரிக்கு நிகழ்ச்சி நடத்தியவரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால், சொந்த நாட்டில் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள பெரும்பாலும் வழி உண்டு. கேட்டால்தான் தருவார்கள். கேட்டீர்களா?

இரண்டாவது, ஒப்பந்தத்தில் '2,000 யூரோ, வரி நீங்கலாகக் கையில்' என்று எழுதியிருந்தால் நடத்துபவர் தன் பையிலிருந்து 18.8 சதவீதம், அதாவது 376 யூரோ, கட்டியிருப்பார். ஜெர்மனியில் ஒரு கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரை வந்தால் இந்த வரியே கிடையாது. சின்ன அரங்குகளில் இது பெரிய விஷயம். அங்கே ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

பாஸ்கித்தார் எழுதியது:

சான்றிதழா? அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்.

பின்மேடை எழுதியது:

> அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்

இதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் மேனேஜருக்கும் தெரிந்திருக்காது. விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்களே தவிர, அவரை உட்கார வைத்து இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவில் எஃப்எம் ரேடியோவில் உங்கள் பாட்டு ஓடினால் வாசித்தவருக்குக் காசு இல்லை. அதுவே இணைய ரேடியோ என்றால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்குத் தருகிறது. பதிவு செய்திருந்தால்தான் அந்தப் பணம் வரும். இதை ஒரு குழுவில் யார் உட்கார்ந்து செய்வது? டிரம்மரா?

பாஸ்கித்தார் எழுதியது:

எங்கள் டிரம்மரைப் பற்றித் தப்பாகப் பேசாதீர்கள், அவர்தான் வேனும் ஓட்டினார்.

சரி, பயிற்சி கொடுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை பணத்தில்தான். மேனேஜருக்குத் தரும் பயிற்சியைக் கலைஞருக்கும் ஏன் தரக் கூடாது? எங்கள் வாழ்க்கைக் கணக்கு எங்களுக்கே புரியாது என்று யார் முடிவு செய்தது?

பெட்டிதூக்கி எழுதியது:

டூர் மேனேஜராக ஒரு வார்த்தை. நீங்கள் இருவரும் பங்கு பிரிக்கும் பணம் எல்லையிலேயே கரைந்துவிடும். அமெரிக்காவுக்குக் கலைஞர்கள் போகும் 'பி' (P) வகை விசா மனுக் கட்டணம் 460 டாலராக இருந்தது, 2024 ஏப்ரலில் 1,015 ஆனது. சின்ன நிறுவனமோ லாப நோக்கற்ற அமைப்போ மனு செய்தால் ஏறக்குறைய பாதி. அந்த மனுவையும் நீங்களே போட முடியாது, அங்கே இருக்கும் ஒருவர் உங்களுக்காகப் போட வேண்டும்.

வாத்தியங்களை இறக்குமதி வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்று ஒரு சுங்கப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு கித்தாரும் வரிசை எண்ணோடு அதில் இருக்கும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. ஒரு விமான நிலையத்தில் விடிகாலை கவுன்டரில் ஆள் இல்லை, விமானத்துக்கு நேரமாகிவிட்டது, முத்திரை வாங்காமல் ஏறிவிட்டோம். எட்டு மாதம் கழித்து அந்த வாத்தியங்களுக்கு இறக்குமதி வரி கேட்டுக் கடிதம் வந்தது. அவை எங்களோடு திரும்பி வந்துவிட்டன என்று நிரூபிக்க நான் பட்ட பாட்டைத் தனியாக ஒரு இழையில் எழுதலாம்.

இரண்டாம்குரல் எழுதியது:

இத்தனை பேரும் 'போவதா' என்று கேட்காமல் 'யார் பணத்தில் போவது' என்றே பேசுகிறீர்கள். மேனேஜர் இல்லாமல் ஏழு வருஷமாகப் பாடுகிறேன். ஸ்ட்ரீமிங் தளத்தில் எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எனக்கே தெரிகிறது. கேட்கிறவர்கள் சேர்ந்த ஊருக்குப் போகிறேன், சேராத ஊருக்குப் போவதில்லை.

கேட்கிறவர்கள் சேருமுன்னே குழுவைத் தள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும்? கொரியாவின் வொண்டர் கேர்ள்ஸ் குழுவினர் 2009-இல் அமெரிக்காவுக்கே போய், ஜோனஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் நிகழ்ச்சிகளில் தொடக்கமாகப் பாடி, ஆங்கிலத்திலும் பாடினார்கள். பில்போர்ட் ஹாட் 100 என்ற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் கிடைத்தது 76-ஆம் இடம். 2020-இல் பிடிஎஸ் குழுவின் பெரும்பகுதி கொரிய மொழியிலான பாட்டு அதே பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது. கேட்கிற கூட்டம் முதலில் அங்கே சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாடகி செசாரியா எவோராவைப் பாருங்கள். சொந்தத் தீவு நாடான கேப் வெர்டேயில் பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. உலகம் அவரைக் கேட்டபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கடைசி வரை பெரும்பாலும் தன் ஊர் மொழியான கிரியோலில்தான் பாடினார், செருப்பில்லாமல்தான் மேடை ஏறினார். யாருக்காகவும் மாறவில்லை.

பின்மேடை எழுதியது:

செசாரியாவை எனக்கு எதிராகக் கொண்டுவந்தீர்களே, அவர் என் கட்சி! ஜோசே டா சில்வா என்ற பெயரை விட்டுவிட்டீர்கள். பிரான்சில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் பிற்பாதியில் லிஸ்பனில் செசாரியா பாடக் கேட்டு பாரிசுக்கு அழைத்துப் போனார், லூசாஃப்ரிக்கா என்று லேபிள் தொடங்கி அவருடைய இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார். 1992-இல்தான் பெரிதாக எடுத்தது. 2004-இல் கிராமி. நடுவில் இருந்த அந்த வருஷங்களை எந்த ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை சுமந்திருக்கும்? கொரியக் குழுக்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அலுவலகம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம்குரல் எழுதியது:

டா சில்வாவை விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர் விதிவிலக்கு.

பாஸ்கித்தார் எழுதியது:

விதிவிலக்கு என்பதைவிட முக்கியம், அவர் தன் தலையைப் பணயம் வைத்தார், பாடகி இறக்கும்வரை கூடவே இருந்தார். எனக்கு அப்படி ஒரு மேனேஜர் கிடைத்தால் மொத்தத்தில் 20 என்ன, 25 கொடுக்கிறேன். பின்மேடை சார், உங்கள் திட்டத்தில் பணம் வாங்கும் மேனேஜர் ஒன்றரை வருஷத்தில் போய்விட்டால் என்ன நடக்கும்? அந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பின்மேடை எழுதியது:

நியாயமான கேள்விதான். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

திருத்தி எழுதுகிறேன். பணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்கட்டும், இரண்டாவது தவணை 12 மாதம் கழித்து, குழுவும் கையெழுத்துப் போட்டால் மட்டும். நேரடி நிகழ்ச்சிக்குக் கமிஷன் செலவு போக மீதியில். அப்புறம், உதவிப் பணத்தில் உருவான தொடர்புப் பட்டியல் இருவருக்கும் சொந்தம், பிரிந்தால் ஆளுக்கு ஒரு பிரதி. பிரிந்த பிறகும் பழைய வேலைக்கான கமிஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கும் விதி எல்லா நல்ல ஒப்பந்தத்திலும் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

பாஸ்கித்தார் எழுதியது:

முதல் இரண்டும் சரி. மூன்றாவதற்கு உங்கள் ஷீட்டில் என்னென்ன கட்டம் இருக்கிறது என்று போடுங்கள், பார்க்கலாம்.

பின்மேடை எழுதியது:

பெயர், நிறுவனம், நாடு, எங்கே சந்தித்தோம், எந்தப் பாட்டு வரை நின்றார், என்ன சொன்னார், அடுத்து எப்போது எழுத வேண்டும், பதில்.

பாஸ்கித்தார் எழுதியது:

'எந்தப் பாட்டு வரை நின்றார்' அருமை, திருடிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கட்டம் குறைகிறது: பேச்சை ஆரம்பித்தது யார். எங்கள் பழைய ஷீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர், நிகழ்ச்சி முடிந்து வாசலில் சிகரெட் பிடிக்கும்போது எங்கள் டிரம்மர் பழகிப் பிடித்தவர்கள்.

பின்மேடை எழுதியது:

சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் சண்டை வரும்.

பாஸ்கித்தார் எழுதியது:

வரட்டும். ஒப்பந்தம் போடும்போதே வரட்டும்.