எழுதியவர் யார் என்று எண்ணிக்கொண்டா படிப்பது?
(ஒரு இணைய விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மறுவாசிப்பு:
வருடக் கடைசியில் படித்த புத்தகங்களைப் பட்டியல் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சில வருடங்களாகப் பட்டியலுக்கு அடியில் ஒரு கணக்கும் சேர்ந்து வருகிறது. பெண் எழுத்தாளர்கள் இத்தனை, ஆப்பிரிக்கர்கள் இத்தனை, மொழிபெயர்ப்பு இத்தனை விழுக்காடு, அடுத்த வருட இலக்கு இவ்வளவு. வட்ட வரைபடம் போடுகிறவர்களும் உண்டு.

எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த நாடு, என்ன நிறம் என்று பார்த்துத்தான் எடுப்பேன் என்றால் அதற்குப் பெயர் வாசிப்பா, வருகைப் பதிவேடா? ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் கைகாட்டும்; அந்த வழியே போக வேண்டும். நான் தஸ்தயெவ்ஸ்கியிலிருந்து கோகலுக்குப் போனேன், கோகலிலிருந்து புஷ்கினுக்கு, அப்புறம் செகாவ். சுற்றிச் சுற்றி வந்ததில் 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய இலக்கியம் எனக்கு நன்றாகவே தெரியும். நாட்டுக்கு ஒன்று என்று எடுத்திருந்தால் எதுவுமே உருப்படியாகத் தெரிந்திருக்காது. எண்ணாமல் படிக்கிறவன் பிற்போக்கு என்று ஒரு தொனி வேறு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடிக்குறிப்பு:
பிற்போக்கு என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பட்டத்தை நீங்களே சூட்டிக்கொள்கிறீர்கள்.

கைகாட்டும் கதைக்கு வருவோம். கோகல் யாரைக் கைகாட்டுவார்? தான் படித்தவரை, தன்னைப் படித்தவரை. அதாவது ஏற்கெனவே அச்சேறி, விமர்சனம் பெற்று, திரும்பத் திரும்பப் பதிப்பிக்கப்பட்டவர்களை. நீங்கள் இஷ்டம்போல் நடந்ததாக நினைக்கும் பாதையைப் பதிப்பாளர், பேராசிரியர், பரிசுக் குழு என்று பலர் உங்களுக்கு முன்பே வெட்டி வைத்துவிட்டார்கள். எங்கெல்லாம் வெட்டாமல் விட்டார்கள் என்று பார்ப்பதற்குத்தான் எண்ணுவது.

நோபல் இலக்கியப் பரிசையே எடுங்கள். 1901 முதல் 2025 வரை வாங்கியவர்கள் 122 பேர். பெண்கள் 18. அதிலும் 1990 வரை 6 பேர்தான், மீதி 12 பேர் அதற்குப் பிறகு. 1966இல் நெல்லி சாக்ஸ் வாங்கினார். அடுத்த பெண் 1991இல் நதீன் கோர்டிமர். அதே 1991இல் ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்த ஆறு பேரும் ஆண்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான், 1996இலிருந்து கொடுக்கப்படுகிற, பெண்களுக்கு மட்டுமான புனைவுப் பரிசு. யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால் வந்த பரிசு.

ஒற்றைவரி:
25 வருடம் உலகத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஓய்வெடுத்திருக்கிறார்கள் போல.

மறுவாசிப்பு:
பரிசுக் குழுவின் ஓரவஞ்சனைக்கு நான் ஏன் பரிகாரம் செய்ய வேண்டும்? குழுவைக் கணக்குக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். நான் ராத்திரி படுக்கையில் புத்தகம் பிரிக்கிற தனி ஆள்.

அந்தப் பரிசை எல்லாப் பெண்களும் கொண்டாடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஏ. எஸ். பயாட், 1990இல் புக்கர் வாங்கியவர், பெண்களுக்கென்று தனிப் பரிசு வைப்பதே பாலினப் பாகுபாடு என்றார். தன் நாவல்களை அதற்கு அனுப்பவே விடவில்லை. நல்ல எழுத்துக்குத் தனி வாசல் தேவையில்லை என்கிற தன்மானம் அது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியைகளான பிரான்டே சகோதரிகளுக்கு யார் ஒதுக்கீடு கொடுத்தார்கள்?

அடிக்குறிப்பு:
பிரான்டே சகோதரிகளை நீங்கள் இழுத்திருக்கவே கூடாது. 1846இல் அவர்களுடைய கவிதைத் தொகுப்பு கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற பெயர்களில் வந்தது. எழுதியது பெண்கள் என்று தெரியக் கூடாது, அதற்காக. பெண் எழுத்தாளர்களைத் தப்பெண்ணத்தோடுதான் பார்ப்பார்கள் என்று தோன்றியதால் அப்படிச் செய்ததாக மூவரில் மூத்தவரான சார்லட்டே பின்னால் எழுதியிருக்கிறார். தோன்றாமல் என்ன செய்யும்? தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுத்திக்கு அனுப்பியிருந்தார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது என்று 1837இல் பதில் வந்தது.

தனி வாசல் வேண்டாம் என்று வந்தவர்கள் இல்லை அவர்கள். வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர்கள்.

பாதிப்புத்தகம்:
இரண்டு பேரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இலக்கு வைத்துப் படிப்பது என்றாலே எனக்கு அலர்ஜி. பெண்கள் இலக்கோ, வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்ற இலக்கோ, இரண்டும் ஒன்றுதான். டிசம்பர் நெருங்கினால் எல்லோரும் நூறு பக்கத்துக்குள் அடங்குகிற புத்தகமாகத் தேடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடவும் முடியாது. மூடினால் கணக்கில் ஒரு நாடு குறையும்.

ஆனால் ஒரு ஆளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆன் மார்கன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 2012இல் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு புத்தகம் என்று ஒரு வருடம் முழுக்கப் படித்தார். சாவோ தோமே என்ற தீவு நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு சிறுகதைத் தொகுப்பைப் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து அவருக்காகவே மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பிடிவாதம் எல்லாம் எனக்கு வராது. நான் அறுபதாம் பக்கத்தில் தூங்குகிறவன்.

ஒற்றைவரி:
அறுபது வரைக்கும் போகிறீர்களா!

காதால்வாசிப்பவள்:
எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் மென்பொருள் வழியாகவும் ஒலிநூலாகவும்தான் படிக்கிறேன். "பிடித்ததை எடு, அது அடுத்ததைக் கைகாட்டும்" என்று மறுவாசிப்பு சார் எழுதியதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. நான் எதைப் படிப்பது என்பதை என் ரசனையா முடிவு செய்கிறது? கோப்பின் வடிவம்தான் முடிவு செய்கிறது. பக்கங்களைப் படம் பிடித்துச் சேர்த்த பிடிஎஃப் என்றால் மென்பொருளுக்கு அதில் எழுத்தே கிடையாது, வாயே திறக்காது. எழுத்துணரி, அதாவது படத்திலிருக்கிற எழுத்தைப் படித்தெடுக்கிற மென்பொருள், போட்டு மாற்றிப் பார்க்கலாம். பழைய அச்சாக இருந்தால் வரிக்கு நாலு சொல் சிதைந்து வரும். யார் என்ன பேசினார்கள் என்று ஊகித்துக்கொண்டே போக வேண்டும்.

எந்தப் புத்தகங்கள் ஒலிநூலாகவும் ஒழுங்கான மின்னூலாகவும் முதலில் வருகின்றன? விற்பவை. சின்னப் பதிப்பகங்கள் போட்டவை, மறுபதிப்பே காணாத பெண்கள், பேசுவோர் குறைந்த மொழிகள் எல்லாம் ஸ்கேன் படமாகத்தான் கிடைக்கும், கிடைத்தால். ஆக எல்லோரும் பேசுகிற அதே பத்துப் புத்தகம்தான் என்னிடமும் வந்து நிற்கிறது.

2013இல் மராக்கேஷ் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள், 2016இல் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றவர்கள் படிக்கிற வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், மாற்றியதை அதில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் மாற்றுவதற்கு ஆளும் நேரமும் வேண்டுமே. எதை முதலில் மாற்றுவது என்று யாரோ முடிவு செய்துதான் ஆக வேண்டும். பாடப்புத்தகம் முதலில் போகும், புகழ்பெற்ற நாவல் அடுத்துப் போகும். எழுதுகிறவர்களில் எத்தனை வகை என்று இங்கே சண்டை நடக்கிறது. படிக்கிறவர்களில் எத்தனை வகை என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா?

மறுவாசிப்பு:
உங்கள் பிரச்சினையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது வேறு. எல்லாம் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது ஒன்று. கிடைத்ததில் ஆள் பார்த்துப் பொறுக்குவது இன்னொன்று.

காதால்வாசிப்பவள்:
வேறு இல்லை சார். யாரும் கேட்காத புத்தகத்தை யாரும் கிடைக்கச் செய்வதில்லை. கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான், உங்களுக்குத்தான் கண் தெரிகிறது.

பிரதிபார்ப்பவன்:
மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன். இரண்டு கட்சி மேலும் எரிச்சல் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

முதலில் அடிக்குறிப்பு. நாட்டையும் நிறத்தையும் எண்ணுங்கள் என்கிறீர்கள். எண்ணுங்கள், பதிப்பாளர் அந்த எண்ணிக்கைக்குத் தோதான சரக்கைத் தருவார். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடீச்சி 2009இல் ஓர் உரையில் சொன்னது இது: அவருடைய நாவல் அசல் ஆப்பிரிக்க நாவலாக இல்லை என்று ஒரு பேராசிரியர் குறைப்பட்டாராம். பாத்திரங்கள் பேராசிரியரைப் போலவே படித்த நடுத்தர வர்க்கமாம், கார் ஓட்டுகிறார்களாம், பட்டினி கிடக்கவில்லையாம். பன்மை வேண்டும் என்று கேட்கிற வாசகர்தான் இதையும் கேட்கிறார். தொலைவான ஒரு மொழியிலிருந்து துப்பறியும் கதையோ, கேலி நாவலோ, அசட்டுக் காதல் கதையோ மொழிபெயர்க்கலாம் என்று மாதிரி அத்தியாயத்தோடு போய்ப் பாருங்கள், முகம் சுருங்கும். போர், அகதி, வறுமை, கட்டாயக் கல்யாணம் என்றால் உடனே உட்காரச் சொல்வார்கள். பத்து நாட்டிலிருந்து பத்து நாவல் படித்து முடிப்பீர்கள், பத்தும் ஒரே நாவலாக இருக்கும்.

அடுத்து மறுவாசிப்பு. ரஷ்யர்களைக் கரைத்துக் குடித்த மாதிரி எழுதுகிறீர்கள், மொழிபெயர்த்தவர் பெயர் ஒன்றாவது சொன்னீர்களா? தஸ்தயெவ்ஸ்கி ஆங்கில உலகத்தில் பரவலானது பெரும்பாலும் 1912இலிருந்து கான்ஸ்டன்ஸ் கார்னெட் அவர் நாவல்களை வரிசையாக மொழிபெயர்த்ததால். உங்கள் கைகாட்டி ஒரு பெண் ஐயா, நீங்கள் எண்ணாததால் தெரியவில்லை.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் நான் மூலமொழியை எண்ணுவேன். யுனெஸ்கோ தொகுத்த மொழிபெயர்ப்புப் பட்டியலில் மூலமொழியாக ஆங்கிலம் முதலிடம். இரண்டாவதான பிரெஞ்சு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. திரும்பும் திசையில் பாருங்கள்: அமெரிக்காவில் வெளியாகிற புத்தகங்களில் மொழிபெயர்ப்பு சுமார் 3 விழுக்காடு என்று ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் சொல்லிச் சொல்லி அந்த எண் பிரபலமாகிவிட்டது. ஒரு சின்ன மொழி இன்னொரு சின்ன மொழியைப் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கிலம் என்கிற அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான். அதற்குள் நுழையாதது நம் யாருக்கும் இல்லை. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விட்டுத் தன் தாய்மொழியான கிக்கூயுவில் எழுத முடிவெடுத்து, 1978இல் சிறையில் கழிவறைத் தாளில் நாவல் எழுதினார். அவரை "ஆப்பிரிக்கா: 1" என்று பட்டியலில் போட்டுவிட்டால் அந்தச் சண்டை எங்கே தெரியும்?

அடிக்குறிப்பு:
மட்டமாக எண்ணுகிறார்கள் என்றால் நன்றாக எண்ணக் கற்றுக்கொள்வோம். எண்ணுவதையே நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கல்வியாளர் நான்சி லாரிக் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் வந்த 5,206 சிறுவர் நூல்களைப் பார்த்தால், கறுப்பினப் பாத்திரம் ஒன்றாவது இருந்தவை 6.7 விழுக்காடு. கட்டுரையின் தொடக்கத்திலேயே ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்கிறாள், ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள் என்று. அவளுக்கு யாரும் வட்ட வரைபடம் போடச் சொல்லித் தரவில்லை.

மறுவாசிப்புக்கு இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யா நன்றாகத் தெரியும் என்றீர்களே, நதேழ்தா ஹ்வோஷின்ஸ்கயாவைப் படித்திருக்கிறீர்களா? அவர் வாழ்ந்த காலத்தில் நன்கு அறியப்பட்ட நாவலாசிரியர். வி. க்ரெஸ்தோவ்ஸ்கி என்று ஆண் பெயரில் எழுதினார். அதே பெயரில் நிஜமாகவே ஒரு ஆண் எழுத்தாளர் கிளம்பி வந்த பிறகு, தன் பெயருக்குப் பின்னால் "புனைபெயர்" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. உங்கள் தஸ்தயெவ்ஸ்கியின் காலத்தவர்தான். சுற்றிச் சுற்றி வந்த வழியில் எங்கேயாவது எதிர்ப்பட்டாரா?

மறுவாசிப்பு:
இல்லை. ஆனால் நீங்கள் அவரைப் படித்திருக்கிறீர்களா, இல்லை, பட்டியலில் பார்த்த பெயரா?

அடிக்குறிப்பு:
ஒரு நாவல் படித்தேன், 1861இல் வந்தது. விடுதிப் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றியது. ஆங்கிலத்தில் 2000இல்தான் வந்தது. நாடுகடத்தப்பட்டுப் பக்கத்து வீட்டில் தங்கியிருக்கிற ஒருவன் கேட்கிற கேள்விகளால், ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை மறுக்கிறாள். கடைசியில் பீட்டர்ஸ்பர்க்கில் தானே சம்பாதித்து வாழ்கிறாள். முடிவு கொஞ்சம் அவசரம், ஆனால் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு அபாரம். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற இளைஞன் என்றால் நீங்கள் எல்லோரும் சொல்லுகிற துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' 1862. ஒரு வருடம் பின்னால்.

மறுவாசிப்பு:
முந்தி எழுதியதால் நன்றாக எழுதியதாகிவிடாது. துர்கனேவின் நாயகன் பசரோவ் பக்கத்தில் அந்தப் பெண் நிற்கிறாளா என்று நான் படித்துப் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதையும் இங்கேயே எழுதுவேன், அப்போது பெண் என்பதால் குறை சொல்கிறாய் என்று யாரும் வரக் கூடாது.

பிரதிபார்ப்பவன்:
எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் போட்டு எழுதுங்கள்.

காதால்வாசிப்பவள்:
அந்த நாவல் மின்னூலாக எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மறுவாசிப்பு சாருக்கு முன்னால் படித்துவிட்டு வருகிறேன். ஸ்கேன் பிடிஎஃப் சுட்டியை மட்டும் யாரும் அனுப்பாதீர்கள்.