ஜெனரேட்டர் ஓடினால் மூன்றாவது மாடிக்குள் டீசல் வாடை

வணக்கம். சென்னை பெருங்குடியில் எங்கள் அலுவலகம். ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது தளம், 6,000 சதுர அடி, சுற்றிலும் திறக்க முடியாத கண்ணாடி, விஆர்எஃப் ஏசி (ஒரு வெளி யூனிட்டோடு பல உள் யூனிட்டுகள், அறைக் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கும் வகை), 45 பேர். ஜூன் மாதத்திலிருந்து கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் பத்தே நிமிடத்தில் டீசல் வாடை உள்ளே வந்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு மீட்டர் 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு) வரை காட்டியது. கர்ப்பிணி ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார், அதுதான் பெரிய கவலை.

ஜெனரேட்டர் இல்லாத நாளிலும் மதியம் மூன்று மணிக்குக் கார்பன் டை ஆக்சைடு 1,600 பிபிஎம் தாண்டுகிறது, பலருக்குத் தலைவலி. வெளிக்காற்றில் அது சுமார் 420தான்.

ஏசி ஃபில்டர் கழுவியாயிற்று, ஜன்னல் ஓரமெல்லாம் சிலிக்கான் அடித்தாயிற்று. அப்புறம் வாசல் கதவிடுக்கில் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். புகை நூல் மாதிரி நேராக உள்ளே இழுபட்டது. கழிவறை எக்ஸாஸ்டை நிறுத்தியதும் இழுப்பு பாதியானது. அதாவது உள்ளே அழுத்தம் குறைவு. புதுக்காற்று வரும் டாம்பரை (காற்றுக் குழாயைத் திறந்து மூடும் தகடு) யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். திறக்கலாம் என்றால் அதன் வாய் ஜெனரேட்டர் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாடை அதிகம் வருவது ஃபால்ஸ் சீலிங்கிற்கு மேலே, கேபிள் குழாய் நுழையும் இடத்தில்.

அந்தக் கசிவைப் பிடிக்க எங்கள் தளத்தில் மட்டும் புளோயர் டோர் சோதனை (வாசலில் பெரிய விசிறி பொருத்தி, உள் அழுத்தத்தை மாற்றிக் கசிவைக் கண்டுபிடிப்பது) செய்தால் போதுமா, இல்லை மேல், கீழ் தளங்களிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் கொடுக்க வேண்டுமா?