புகலிடக் கேஸில் முதல் வாக்குமூலம்: எங்கே சறுக்குகிறது, எப்படித் தயார் செய்வது

புகலிடக் கேஸ்கள் பல சட்ட நுணுக்கத்தில் தோற்பதில்லை. "இவர் சொல்வதை நம்ப முடியவில்லை" என்ற ஒரு வரியில் தோற்கின்றன. அந்த வரிக்கு இடம் கொடுப்பது அநேகமாக முதல் வாக்குமூலம். அகதிச் சட்ட வக்கீல் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் அதுதான்.

முதல் சந்திப்பில் ஆளைப் பேச விடுங்கள், குறுக்கே கேள்வி வேண்டாம். காலவரிசையை அடுத்த சந்திப்பில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்தது, பரீட்சை எழுதியது, பண்டிகை, தேர்தல் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த நாட்களை ஒரு நீளத் தாளில் முதலில் குறியுங்கள். கைதும் விசாரணையும் தப்பி வந்ததும் இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக் கேட்டுப் பொருத்துங்கள். வாக்குமூலத்துக்கு அழகாக இருக்கும் என்று நாமாக ஒரு தேதியைப் போட்டுவிட்டால், இன்டர்வியூவில் அவர் வாயில் வேறு தேதி வரும். "பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு" என்று அவர் சொன்னபடியே எழுதுங்கள், அது கடைசி வரை மாறாது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவது கேஸுக்குப் பலம்.

பிறகுதான் யார் அகதி என்று வரையறுக்கும் 1951 அகதிகள் உடன்படிக்கையின் ஐந்து காரணங்கள், துன்புறுத்தல் இவற்றில் ஒன்றின் பேரிலாவது இருக்க வேண்டும்: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. அடித்தார்கள், மிரட்டினார்கள் என்பதோடு நிறுத்தினால் கேஸ் பாதியில் நிற்கும். ஏன் இவரை? அடிக்கும்போது என்ன கேட்டார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள்? காரணம் அந்த வார்த்தைகளில் இருக்கும். அவருக்கு அரசியலே இல்லாவிட்டாலும், இருப்பதாகத் துன்புறுத்தியவர்கள் நினைத்திருந்தால் போதும்.

*

தேதி என்றதும் நாட்காட்டியைச் சொல்லாமல் விட முடியாது. முரண்பாடு என்று நிராகரிப்புக் கடிதத்தில் வருவதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை.

ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் வழங்கும் சூரிய நாட்காட்டியில் ஆண்டு மார்ச் 20 அல்லது 21 வாக்கில் பிறக்கும். ஆங்கில ஆண்டாக மாற்ற 621-ஐக் கூட்டினால் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆண்டின் கடைசி இரண்டரை மாதங்களுக்கு அது தவறு, 622 கூட்ட வேண்டும். ஒருவரை 1395-ஆம் ஆண்டு எட்டாம் மாதம் பிடித்து, பதினோராம் மாதம் விட்டார்கள் என்று வையுங்கள். கைது 2016 அக்டோபர்–நவம்பர், விடுதலை 2017 ஜனவரி–பிப்ரவரி. இரண்டுக்கும் 621 கூட்டினால் விடுதலை 2016 ஜனவரிக்குப் போய்விடும். கைதாவதற்கு முன்பே விடுதலையானவர் ஆகிவிடுவார்! எத்தியோப்பியாவின் கணக்கு வேறு: 13 மாதங்கள், செப்டம்பரில் புத்தாண்டு, நம் ஆண்டுக்கு 7 அல்லது 8 பின்னால். எனவே அவர் சொன்ன தேதியை முதலில் எழுதி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் போடுங்கள். ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்.

*

மொழிபெயர்ப்பாளர் விஷயம். மொழி ஒன்று என்பது போதாது, வட்டார வழக்கும் பொருந்த வேண்டும். பாலியல் வன்முறை இருந்தால், ஆணா பெண்ணா யார் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சொந்த ஊர்க்காரர் எதிரில் வாய் திறக்காதவர்கள் உண்டு. தொடங்குமுன் கேஸுக்குச் சம்பந்தமில்லாமல் இருவரையும் ஐந்து நிமிடம் பேசவிட்டால் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். உறவுமுறையை மட்டும் கண்டிப்பாகத் துருவுங்கள்: பெரியப்பா மகனை "அண்ணன்" என்கிறார், பதிவில் உடன்பிறந்தவர் என்று ஏறுகிறது, குடும்ப விவரப் படிவத்தில் அப்படி ஒருவரே இல்லை. முடிந்தபின் முழு வாக்குமூலத்தையும் அவர் மொழியில் வரிவரியாக வாசித்துக் காட்டித் திருத்திய பிறகே கையெழுத்து.

*

சித்திரவதைக் கேஸில் மருத்துவ அறிக்கை கேட்கும்போது இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதையை ஆராய்ந்து பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி, 1999, திருத்தியது 2022) வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். "இவர் சித்திரவதைக்கு ஆளானவர்" என்ற ஒற்றை வரிக்குப் பெரிய எடை கிடையாது. ஒவ்வொரு தழும்பும் அவர் சொல்லும் காரணத்தோடு எந்த அளவு பொருந்துகிறது என்பதே கேள்வி. பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இப்படிப்பட்ட காயத்தில் வழக்கமாகக் காண்பது, வேறெதாலும் வர முடியாதது என ஐந்து படிகள். விபத்து, அறுவைச் சிகிச்சை, தானே ஏற்படுத்தியது ஆகியவற்றையும் டாக்டர் பரிசீலித்து எழுத வேண்டும். அறிக்கை வந்ததும் இடது வலது சரியா என்று வாக்குமூலத்தோடு ஒப்பிடுங்கள். தழும்பே இல்லை என்பதால் அடி விழவில்லை என்று ஆகாது. உள்ளங்காலில் அடித்தது வெளியே தெரியாமல் போகலாம். மனநல மதிப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள், நினைவு ஏன் துண்டு துண்டாக இருக்கிறது என்பதை விளக்க அது வேண்டும்.

*

கெடுவைப் பற்றியும். அமெரிக்காவில் ஐ-589 என்ற புகலிட விண்ணப்பப் படிவத்தை வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் போட வேண்டும், விதிவிலக்குகள் குறைவு. எந்த நாடானாலும் நிராகரிப்புக் கடிதம் வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். மேல்முறையீட்டுக்குத் தாமதமானால் கடிதம் எப்போது கைக்கு வந்தது என்பதற்கு அதுவும் சான்று.

இன்னொன்று: கைது ஆணை உண்மையானதா என்று பார்க்க அந்த நாட்டுத் தூதரகத்தையோ காவல் நிலையத்தையோ ஒருபோதும் கேட்காதீர்கள். அங்கே இருக்கும் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அச்சு, முத்திரை, சட்டப்பிரிவு எண் சரியா என்பதை அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த, வெளியே வாழும் வல்லுநர் ஒருவரிடம் பெயரை மறைத்துக் கேட்கலாம்.