செத்தவன் எதைப் பார்க்கலாம்? ஐந்துக்கு ஐந்து போட்டியில் கேமரா கட்டுப்பாடு

மூலைக்காவல்:

ஆன்லைன்ல ஐந்துக்கு ஐந்து சிஎஸ் 2 (கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) லீக், எட்டு அணி, சொந்த சர்வர். விதிமுறை எல்லாம் எழுதி முடிச்சாச்சு, ஒரே ஒரு வரிதான் பாக்கி: ரவுண்ட் நடுவுல செத்தவன் எதைப் பார்க்கலாம்?

ஒரு அணி "டீம்மேட்டோட கண் வழியா மட்டும்"ங்குது. இன்னொரு அணி "எங்க ஆளைத்தானே பார்க்கிறோம், முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தா என்ன குடி முழுகிடும்?"ங்குது. மூணாவது, கறுப்புத் திரையே போட்டுடுங்கங்குது.

இதுக்கு நடுவுல ஒரு கோளாறு வேற. சர்வர்.சிஎஃப்ஜிங்கிற அமைப்புக் கோப்புல, செத்தவன் யாரைப் பார்க்கலாம்னு தீர்மானிக்கிற எம்பி_ஃபோர்ஸ்கேமராவை 1னு தெளிவாப் போட்டிருக்கு. ஆனா சோதனை மேட்ச்ல செத்தவன் எதிரணி ஆளையும் மாத்தி மாத்திப் பார்க்கிறான். ஏன்?

கூடவே, ஒளிபரப்புக்கு எத்தனை நொடி தாமதம் வைக்கணும்? கோச்சுக்கு என்ன காட்டணும்? காரணத்தோட சொன்னா அணிகள்கிட்ட வாதாட வசதியா இருக்கும்.

சர்வர்_ஆணி:

முதலில் கோளாறு. உங்கள் சர்வர் கேஷுவல் மோடில், அதாவது பொழுதுபோக்கு ஆட்ட வகையில், ஓடுகிறது என்று நினைக்கிறேன். மேப் ஏறும்போது சர்வர்.சிஎஃப்ஜி முதலில் ஓடும். பிறகு அந்த மோடுக்கு உரிய கேம்மோட் கோப்பு ஓடி, நீங்கள் எழுதியதை அழித்துத் தன் மதிப்பை வைத்துவிடும். கேஷுவல் கோப்பில் ஃபோர்ஸ்கேமரா 0. நீங்கள் போட்ட 1 சில கணங்கள்தான் உயிரோடு இருந்திருக்கும்.

கேம்_டைப் 0, கேம்_மோட் 1 என்று வைத்து சர்வரைக் கிளப்புங்கள். அதுதான் காம்பெட்டிட்டிவ், அதாவது போட்டி மோடு. உங்கள் சொந்த மதிப்புகளை கேம்மோட்_காம்பெட்டிட்டிவ்_சர்வர்.சிஎஃப்ஜி என்ற தனிக் கோப்பில் போடுங்கள். மோடு கோப்புக்குப் பிறகு ஓடுவது அது. மேட்ச் ப்ளகின் (மேட்ச்சை நடத்தும் துணை நிரல்) இருந்தால் இன்னொரு அடுக்கு கூடும்: மேட்ச் 'லைவ்' ஆகும்போது ப்ளகின் தன் கோப்பை ஓட்டும். ஆகவே வார்ம்அப்பில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். முதல் ரவுண்ட் நடக்கும்போது சர்வர் கன்சோலில் எம்பி_ஃபோர்ஸ்கேமரா என்று மட்டும் அடித்து எண்டர் தட்டுங்கள், நடப்பு மதிப்பு வரும். 0 என்றால் எந்த அணியையும் பார்க்கலாம், 1 என்றால் சொந்த அணி மட்டும், 2 என்றால் யாரையும் பார்க்க முடியாது, செத்ததும் திரை கறுத்துவிடும்.

பலர் கோட்டைவிடும் ஓட்டை வேறொன்று. இந்தக் கட்டுப்பாடு அணிக்குள் இருந்தபடி செத்தவனுக்கு மட்டும்தான். அவனே அணியைவிட்டுப் பார்வையாளர் பக்கம் தாவினால் கட்டுப்பாடு அவனைத் தொடாது, மேப் முழுக்கச் சுற்றலாம். இரண்டாவது கணக்கில் ஒரு நண்பன் பார்வையாளராக நுழைந்தாலும் இதே கதைதான். எனவே மூன்று பூட்டு: சர்வருக்குக் கடவுச்சொல், பட்டியலில் உள்ள ஸ்டீம் ஐடிகளை மட்டும் உள்ளே விட்டு, அணி மாறுவதைத் தடுக்கும் மேட்ச் ப்ளகின், எம்பி_ஸ்பெக்டேட்டர்ஸ்_மேக்ஸ் மதிப்பு உங்கள் அப்சர்வர் (ஒளிபரப்புக்குக் கேமரா ஓட்டுபவர்) எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

எஸ்வி_டெட்டாக் பற்றி யாராவது ஆரம்பிப்பார்கள், முந்திக்கொள்கிறேன். செத்தவன் உயிரோடிருப்பவனிடம் பேசலாமா என்பதை அது தீர்மானிக்கும். 0 வைத்தாலும் அணி டிஸ்கார்ட் குரல் செயலியில் பேசிக்கொண்டுதான் இருக்கும். வாயைக் கட்ட உங்களிடம் கயிறு இல்லை. கண்ணைத்தான் கட்ட முடியும்.

96_அலகு:

"பின்னாலிருந்து பார்த்தா என்ன"ங்கிற அணிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க.

சோர்ஸ் வகை எஞ்சின்ல (சிஎஸ் ஓடுற அடிப்படை மென்பொருள்) ஒரு ஆளோட உடல் அகலம் 32 அலகு, உயரம் 72, நின்னா கண் மட்டம் 64. அந்த எஞ்சினோட மூல நிரல்ல, பின்தொடர் கேமரா ஆளைவிட்டு 96 அலகு தள்ளி நிக்கிற மாதிரிதான் எழுதியிருக்கு. அதாவது மூணு ஆள் அகலம். அதுவும் பின்னால மட்டும் இல்ல. மவுஸைச் சுத்தினா அந்த ஆரத்துல கேமராவும் சுத்தும், மேலேயும் ஏறும்.

இப்போ உயிரோட இருக்கிறவன் ஒரு சுவர் விளிம்புல ஒட்டி நிக்கிறான். அவன் கண்ணுக்குச் சுவர்தான் தெரியும். அந்தப் பக்கம் பார்க்கணும்னா தோளையும் தலையையும் வெளிய நீட்டணும், நீட்டினா சுடலாம். செத்தவன் கேமராவைப் பக்கவாட்டுல சுத்தினா சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிக்கிறான், எந்தத் துப்பாக்கி, எந்தப் பக்கம் திரும்பியிருக்கான் எல்லாம் தெரியும். "இப்ப ரீலோட் பண்றான், போ"ன்னு ஒரு வார்த்தை போதும். எதிராளிக்கு இதுக்குப் பதில் ஆட்டமே கிடையாது. சுட ஒரு உடம்பே வெளிய வரலையே.

புகையும் இதே கதை. புகை ஓரத்துல நிக்கிறவனுக்கு எல்லாம் சாம்பல் நிறம். மூணு ஆள் அகலம் தள்ளி நிக்கிற கேமரா புகைக்கு வெளியே இருக்கும். ஃபிளாஷ் (கண்ணைக் கூச வைக்கிற எறிகுண்டு) விழுந்தா கண் வழியா பார்க்கிறவனுக்கும் வெள்ளை அடிக்கணும். பின்தொடர் பார்வையில அடிக்குதான்னு நீங்களே சோதிச்சுப் பாருங்க.

அதனால விதியை இப்படி எழுதுங்க: உயிரோட இருக்கிற டீம்மேட் தன் கண்ணால பார்க்க முடியாத எதையும் செத்தவனும் பார்க்கக் கூடாது. இதை ஒத்துக்கிட்டா மிச்ச சண்டையெல்லாம் தானா அடங்கும். டீம்மேட்டோட கண் வழிப் பார்வை இதுக்குள்ள அடங்கும். ரேடாரும் அடங்கும், அவன் திரையிலயும் அதே ரேடார்தான் இருக்கு. காலடிச் சத்தத்தைச் செத்தவன் இன்னும் கவனமாக் கேட்டுச் சொல்றான்னா அது திறமை, அதைத் தடுக்க வேண்டாம்.

கில்கேமை மறந்துடாதீங்க. கொன்றவன் பார்வையில மறு ஓட்டம் காட்டுற விளையாட்டுல அவன் எங்க நிக்கிறான், பக்கத்துல யாருன்னு எல்லாம் வந்துடும். ஓவர்வாட்ச் கஸ்டம் அறையில அதை அணைக்க ஒரு அமைப்பு இருக்கு. பழைய கால் ஆஃப் டூட்டி 4 சர்வர்ல எஸ்சிஆர்_கேம்_அலோகில்கேம் 0. பார்வைக்கு எஸ்சிஆர்_கேம்_ஸ்பெக்டேட்டைப் 1, அதாவது சொந்த அணி மட்டும்.

கறுப்புத்திரை:

இவ்வளவு எதுக்கு? 2 போட்டுட்டுப் போங்க. பார்க்கவே முடியலன்னா ஓட்டையும் இல்ல, விவாதமும் இல்ல. செத்தா செத்ததுதான். நாலு பேர் செத்து ஒருத்தன் மட்டும் மிஞ்சினா, நாலு பேரும் அவன் காதுக்குள்ள உட்கார்ந்து ஆட்டத்தை ஓட்டுறது நேர்மையா?

சர்வர்_ஆணி:

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் அது திரும்பிக் கடிக்கும். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 நொடி, குண்டு வைத்தால் இன்னும் 40 நொடி. அவ்வளவு நேரம் கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்தில் போனை எடுத்து ஒளிபரப்பைத் திறப்பார்கள், அதில் இரண்டு அணியும் தெரியும். ஒரு அணியின் பார்வையைத் தடுக்கப் போய் இரண்டு அணியின் பார்வைக்கும் ஆசைகாட்டுகிறோம். தவிர, வியூகம் சொல்பவர் முதலில் செத்தால் அந்த ரவுண்டே குருடாகிவிடும். எல்லோரும் ஒரே கூடத்தில், நடுவர் கண்முன் ஆடும்போது 2 வைக்கலாம். ஆன்லைனுக்கு 1.

இன்னொன்று: ஓர் அணி முழுதும் செத்த பிறகு எதிரணியைக் காட்டினால் என்ன என்று கேட்பார்கள். காட்டக் கூடாது. அந்த ரவுண்ட் முடிந்தாலும், எதிரணியில் யார் எந்தத் துப்பாக்கியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார், யாரிடம் எத்தனை எறிகுண்டு மிச்சம் என்பது அடுத்த ரவுண்டின் கொள்முதல் கணக்குக்கு நேராகப் போகும்.

தாமதம்_180:

ஒளிபரப்புத் தாமதத்துக்கு வழக்கமா யாரோ வெச்ச 90, 105ஐ அப்படியே காப்பி அடிக்கிறாங்க. கணக்குப் போட்டு வைங்க.

ஒரு தகவல் எவ்வளவு நேரம் சூடா இருக்கும்? அந்த ரவுண்ட் முடியற வரைக்கும். ரவுண்ட் 115 நொடி, கடைசி நொடியில குண்டு வெச்சா இன்னொரு 40, மொத்தம் 155. ரவுண்டுக்கு முந்தின ஃப்ரீஸ் நேரத்துல (நகராம ஆயுதம் வாங்குற நேரம்) வாங்கினது என்னன்னு தெரியக் கூடாதுன்னா அதையும் சேர்க்கணும். 20 நொடி வெச்சிருந்தா 175. தாமதம் 105ஆ இருந்தா, ரவுண்ட் தொடக்கத்துல எந்த சைட்ல (குண்டு வைக்கிற இடம்) யார் நின்னாங்கங்கிறது அதே ரவுண்டோட கடைசிக் கட்டத்துல ஒளிபரப்புல வந்துடும். மெதுவா ஆடுற அணிக்குத்தான் அடி. 180 நொடின்னு வைங்க, எந்த ரவுண்டும் தன் நேரத்துக்குள்ள கசியாது.

மொத்தத்தையும் ஒரே இடத்துல வைக்க வேண்டியதில்ல. சிஎஸ்டிவியில (சர்வரே அனுப்புற பார்வையாளர் ஒளிபரப்பு) டிவி_டிலே 105, ஓபிஎஸ்ல (ஸ்ட்ரீம் பண்ற மென்பொருள்) 75. டிவி_எனேபிள் 1 போட்டபிறகு மேப் மாத்தினாத்தான் அது உயிர்பெறும். டிவி_பாஸ்வேர்டு கண்டிப்பா வைங்க. இல்லைன்னா ஓபிஎஸ் தாமதத்தைத் தாண்டி, 27020 போர்ட்ல நேரா வந்து 105 நொடியிலயே பார்த்துடுவாங்க. டிவி_டிலேமேப்சேஞ்ச் 1 வைக்கலைன்னா மேட்ச் முடிஞ்சதும் மேப் மாறி, கடைசி ரவுண்டே ஒளிபரப்புல வெட்டுப்பட்டுப் போகும்.

ஓபிஎஸ்ல அமைப்புகள், மேம்பட்டவை, ஸ்ட்ரீம் தாமதம். 6000 கேபிபிஎஸ்ல 75 நொடிக்கு 56 எம்பி நினைவகம்தான், பயப்பட ஒண்ணுமில்ல. இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது விட்ட இடத்துல இருந்து தொடரும் விருப்பம் அங்கேயே இருக்கு, அதை டிக் பண்ணுங்க. முடிக்கும்போது "தாமதத்தைக் கைவிட்டு நிறுத்து"ங்கிறதைத் தொடாதீங்க, கடைசி 75 நொடி போய்டும்.

எல்லாத்தையும் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிற இடம் ஒண்ணு இருக்கு: ஓவர்லே, அதாவது ஒளிபரப்புத் திரை மேல ஸ்கோர், பணம் காட்டுற அடுக்கு. அப்சர்வர் கணினியில இருந்து கேம் ஸ்டேட் இன்டக்ரேஷன் வழியா பத்து பேரோட இடம், பணம், உயிர் எல்லாம் ஒரு முகவரிக்குப் போகும். அப்சர்வர் சிஎஸ்டிவியில இல்லாம நேரா சர்வர்ல உட்கார்ந்து, அந்த முகவரியும் பொதுவெளியில திறந்திருந்தா, முகவரி தெரிஞ்சவன் துளித் தாமதம் இல்லாம எல்லாத்தையும் படிக்கலாம். ஓவர்லேயை அதே கணினியிலயோ உள் வலையமைப்புலயோ மட்டும் ஓட்டுங்க. ஆட்டக்காரங்க தனித்தனியா ஸ்ட்ரீம் பண்ணா அவங்களுக்கும் அதே 180.

மூலைக்காவல்:

மோடுதான் பிரச்சினை, கேம்_மோட் 0ல தான் ஓடிட்டு இருந்தது. மாத்தினதும் சரியாயிடுச்சு, நன்றி. கோச் பத்தி யாராவது சொல்லுங்க.

பெஞ்சு:

கோச் இடம் என்பது வெறும் பார்வையாளர் இடம் இல்லை. அது தனி அனுமதி. எஸ்வி_கோச்சிங்_எனேபிள்டு 1, பிறகு அவர் தன் அணிக்கு உரிய கோச் கட்டளையை அடித்துச் சேர வேண்டும். அவர் பார்வை சொந்த அணியினரின் கண்களோடு நிற்க வேண்டும்.

நின்றுவிடும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. சிஎஸ் 2-க்கு முந்தைய சிஎஸ்:கோவில் கோச்சின் கேமரா யாரோடும் ஒட்டாமல் மேப்பில் ஓர் இடத்திலேயே உறைந்து நிற்கும் ஒரு பிழை இருந்தது. அந்த இடத்தை யார் கடந்தாலும் அவருக்குத் தெரியும். அதைப் பயன்படுத்தியதற்காக 2020 செப்டம்பரில் ஈஎஸ்ஐசி (மின்விளையாட்டு நேர்மையைக் கண்காணிக்கும் அமைப்பு) 37 கோச்சுகளுக்குத் தண்டனை அறிவித்தது. பல பழைய மேட்ச்களில் நடந்தது பின்னாளில் டெமோக்களை, அதாவது மேட்ச் பதிவுக் கோப்புகளை, தோண்டிய பிறகே தெரியவந்தது. எல்லா மேட்ச்சின் டெமோவையும் வைத்திருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

விதியில் எழுத வேண்டியது: கோச் மேட்ச் லைவ் ஆகும் முன் சேர வேண்டும். நடுவில் இணைப்பு போனால் அடுத்த ஃப்ரீஸ் நேரத்தில் மட்டும் திரும்பலாம். தன் திரையை முழு மேட்ச்சும் பதிவு செய்து, கேட்டால் தர வேண்டும். கேமரா தவறான இடத்தில் நின்றால் உடனே நடுவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடுத்த ரவுண்டுக்குப் போனால் அதுவே குற்றம். கடைசி வரிதான் முக்கியம். பிழை யாருக்கும் வரும், அதை வைத்துக்கொண்டு வாயை மூடி உட்காருவதுதான் ஏமாற்று.

பேச்சு நேரம் தனி. 2016 ஆகஸ்டில் சிஎஸ் தயாரிப்பாளரான வால்வ் தன் போட்டிகளுக்கு, வார்ம்அப், பாதி ஆட்ட இடைவேளை, தலா 30 நொடியில் நான்கு டைம்அவுட், இவற்றில் மட்டும் கோச் பேசலாம் என்று வைத்தது. ஆன்லைனில் அதைக் கண்காணிக்க வழி இல்லையென்றால் எழுதாதீர்கள். காவல் காக்க முடியாத விதி, நேர்மையாக நடப்பவரை மட்டும்தான் கட்டிப்போடும்.

96_அலகு:

லீக்ல பின்னால வேற விளையாட்டும் சேர்க்கிறதா இருந்தா இந்தக் கேமரா விதியை அப்படியே ஒட்டாதீங்க. ரெயின்போ சிக்ஸ் சீஜ்ல செத்தவன் அணியோட கேமராக்களைப் பார்த்துத் தகவல் சொல்றது ஆட்டத்தோட வடிவமைப்பே. உயிரோட இருக்கிறவனும் அதே கேமராவைத் திறக்கலாம், அதனால அது நியாயம். மூன்றாம் நபர் பார்வையில ஆடுற பேட்டில் ராயல்ல (பல அணிகள்ல கடைசியா மிஞ்சுறது ஜெயிக்கிற ஆட்டம்) பின்தொடர் கேமராவும் நியாயம், உயிரோட இருக்கிறவன் பார்க்கிறதும் அதுதானே. அங்க ஆபத்து வேற: அணி முழுசும் செத்ததும் கொன்றவனைப் பார்க்கக் கிடைக்கும், அதை வேற அணிக்குச் சொல்லிடலாம். அழிஞ்ச அணி ஒரு நிமிஷத்துக்குள்ள அறையைவிட்டு வெளியேறணும்னு எழுதிடுங்க.

சிஎஸ் சோதனைக்கு நாலு பேர், இருபது நிமிஷம் போதும். பக்கத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தன் சாகட்டும், அவன் டீம்மேட் சுவரோரம் நிக்கட்டும், எதிராளி ரெண்டு பேரும் சுவருக்கு அந்தப் பக்கம். செத்தவன் ஸ்பேஸ் தட்டிப் பார்வை மாறுதான்னு பார்க்கணும், ரெண்டு மவுஸ் பட்டனாலயும் ஆள் மாத்திப் பார்க்கணும், கன்சோல்ல ஸ்பெக்_மோட் கட்டளையை எண் மாத்தி மாத்தி அடிக்கணும். அப்புறம் பார்வையாளர் பக்கம் தாவ முயற்சி, அப்புறம் வெளியே போய் ரவுண்ட் நடுவுலயே திரும்பச் சேர்றது. கடைசியா டீம்மேட் காலடியில ஃபிளாஷ், பிறகு புகை. பாதி ஆட்டம் முடிஞ்சு பக்கம் மாறினதும் தாவுறதையும் திரும்பச் சேர்றதையும் இன்னொரு தடவை பண்ணுங்க.